கர்ப்ப காலத்தில் முகப்பரு: கடையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை வாங்க வரும் கர்ப்பிணிகள், கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றுவிட்டு மெதுவாகக் கேட்பது பெரும்பாலும் பருவைப் பற்றித்தான். இதையெல்லாம் டாக்டரிடம் போய்க் கேட்பதா என்று ஒரு கூச்சம். அதனால் வீட்டில் கிடக்கும் பழைய ட்யூபையோ, நாத்தனார் வாங்கி வைத்த க்ரீமையோ எடுத்துப் பூசிவிடுகிறார்கள். பருவால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துப் பூசும் மருந்தால் ஆகலாம். அந்தக் கவலையில்தான் இதைத் தொகுத்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன். மருந்து வரும் இடங்களில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையே எழுதியிருக்கிறேன். ஒரே மருந்து பல பெயரில் விற்கிறது, அட்டையின் நிறமும் அடிக்கடி மாறுகிறது. உள்ளே இருப்பது மட்டும் மாறாது.

வயசுக்கு வந்தப்பகூட எனக்குப் பரு வந்ததில்ல. இப்ப மூணாம் மாசத்துல முகம் பூரா வந்திருக்கு. இது சாதாரணம்தானா?

சாதாரணம்தான். கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ஏறும்போது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்கிற செத்த தோலும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கும். எப்போதும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஒரு கிருமி அதற்குள் பெருகும். அப்புறம் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கோக்கும்.

சிலருக்கு முதல் மூன்று மாதத்தில் வரும், சிலருக்குக் கடைசி மாதங்களில் கூடும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் பரு வருகிறவர்களுக்கும் சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரும். வருடக்கணக்காக இருந்த பரு கர்ப்பமானதும் மறைந்துவிடுவதும் உண்டு, அது அவரவர் உடம்புவாகு. நம் ஊர்ப் புழுக்கமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. கத்திரி வெயிலில் வியர்வையும் எண்ணெயும் முகத்திலேயே தங்கினால் இருக்கிற பரு இன்னும் எரிச்சலாகும்.

பரு வந்தா பொண்ணு, முகம் பளபளன்னா பையன்னு மாமியார் சொல்றாங்களே?

இல்லை. அம்மாவின் முகத்துக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெண் பிள்ளை அம்மாவின் அழகை எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு, பரு வந்த பெண்ணையும் வரப்போகிற பெண்ணையும் ஒன்றாகக் குறைசொல்கிறது. வீட்டில் யார் சொன்னாலும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பருவால குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா? சீழ் ரத்தத்துல கலந்து போயிடும்னு பயமா இருக்கு.

ஆகாது. பரு தோலோடு நிற்கிற விஷயம், கருப்பை வரை போகாது. பருவைக் கிள்ளிப் பிதுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். முக்கியமாக மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் கை வைக்கவே வேண்டாம். பிதுக்கினால் சீழ் உள்பக்கம் இறங்கி வீக்கம் கூடும், தழும்பும் நிற்கும்.

உடம்புச் சூட்டாலதான வருது? எண்ணெய்ப் பலகாரம், பால், முட்டை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க.

சூடு என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி, வெயிலும் வியர்வையும் தூக்கமின்மையும் சேர்ந்த அசதி. அதற்கு இளநீரும் மோரும் நல்லதுதான், குடியுங்கள். பருவுக்கு மூலகாரணம் முதல் கேள்வியில் சொன்ன ஹார்மோன். வடையை நிறுத்தினால் அது இறங்கிவிடாது.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. சர்க்கரையும் மைதாவும் அதிகமாகச் சேர்ப்பவர்களுக்குப் பரு கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இனிப்பு, பன், பாட்டில் குளிர்பானத்தைக் குறைத்தால் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் நல்லது. பாலைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் பிள்ளைக்கும் சுண்ணாம்புச்சத்தும் புரதமும் வேண்டிய இந்த நேரத்தில், முகத்துக்காகப் பாலையும் முட்டையையும் நிறுத்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரும்புச்சத்து மாத்திரையால் பரு வருகிறது என்று அதை நிறுத்தியவர்களும் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், பருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவ முகம் கழுவணும்? எந்த சோப்பு?

காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. வெளியே போய் வியர்த்து வந்தால் இன்னொரு முறை வெறும் தண்ணீரில். வாசனை குறைந்த, எரிச்சல் தராத சோப்போ ஃபேஸ்வாஷோ போதும். எண்ணெய் வழிகிறது என்று ஐந்தாறு முறை சோப்புப் போட்டால் தோல் காய்ந்து, பரு மருந்து போடும்போது எரியும். கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், சோப்பு சரியாக நுரைக்காமல் முகத்தில் பிசுக்காகத் தங்கும். அங்கே முகத்துக்கு மட்டும் குடிதண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் நெற்றியைப் பாருங்கள். வகிடு ஓரத்திலும் காதோரத்திலும் சின்னச் சின்னதாக வரிசை கட்டி இருந்தால் அது எண்ணெய் இறங்கி அடைத்த பரு. எண்ணெயைக் குறைத்து முடியின் நுனிப்பக்கமாக வையுங்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது பருவுள்ளவர்களுக்கு ஆகாது. வறட்சி இருந்தால் துவாரத்தை அடைக்காத, தண்ணீர்ப் பதமான மாய்ஸ்சரைசர் கேட்டு வாங்குங்கள்.

கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, ஜாதிக்காய் எல்லாம் போடலாமா? அதுல பயமில்லையே?

பயத்தமாவைச் சோப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். நைஸாகச் சலித்து, தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் ஒத்திக் கழுவுங்கள். நறநறவென்று இருக்கும் மாவை வைத்துத் தேய்த்தால் சீழ்ப்பரு உடையும். கஸ்தூரி மஞ்சளை வாங்கிக் காயவைத்து வீட்டிலேயே அரைத்தால் சரி. உதிரியாக விற்கும் மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கிற கலப்படம் உண்டு. ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதல்ல.

ஜாதிக்காயைச் சந்தனக்கல்லில் உரசிப் பரு மேல் பொட்டு வைக்கிற வழக்கம் இங்கே நிறைய. சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு அந்த இடம் பொத்துக் கறுத்துவிடும். குப்பைமேனி, பச்சை வேப்பிலை விழுதும் அப்படித்தான். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுப்புத் திட்டு விழும். பற்பசையும் வேண்டாம். வேப்பங்கொழுந்துச் சாற்றைக் குடிப்பதைக் கர்ப்பம் முடியும் வரை தள்ளிவையுங்கள்.

சரி, மெடிக்கல்ல என்ன கேட்டு வாங்கினா பாதுகாப்பு?

கர்ப்பத்தில் டாக்டர்கள் முதலில் எழுதுவது இரண்டு மருந்து. ஒன்று பென்சாயில் பெராக்ஸைடு ஜெல், இன்னொன்று அசெலாயிக் ஆசிட் க்ரீம் அல்லது ஜெல். பென்சாயில் பெராக்ஸைடு தோல் வழியாக உள்ளே போவது சுமார் 5 சதவீதம்தான், அதையும் உடம்பு மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அசெலாயிக் ஆசிட் கோதுமை, பார்லி மாதிரித் தானியங்களிலேயே இருக்கும் அமிலம். பரு ஆறிய பின் நிற்கும் கறுப்புத் தடத்தையும் அது மெல்லக் குறைக்கும். இவை இரண்டும் பாதுகாப்பானவை என்றாலும், உங்களைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பதே முறை.

போடும் விதத்தில்தான் பலர் தவறி, எரிகிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதம் போதும். 10 சதவீதத்துக்கும் அதற்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை, எரிச்சலில்தான் வித்தியாசம். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு எடுங்கள். நெற்றி, கன்னம், தாடை என்று ஐந்து இடத்தில் புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். கண், உதட்டு ஓரம், மூக்கு மடிப்பு வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இந்த ஜெல் துணியை வெளுக்கும். தலையணை உறையிலும் ஜாக்கெட் கழுத்திலும் வெள்ளைத் திட்டு விழும், அதனால் இரவில் பழைய துணியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அசெலாயிக் ஆசிட்டைக் காலையில் போடலாம், முதல் சில நாள் குறுகுறுவென்று அரிக்கும், பிறகு பழகிவிடும். எதுவானாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு வாரத்தில் பளிச்சென்று காட்டுகிற க்ரீமைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

கிளிண்டாமைசின் ஜெல் போட்டுட்டிருந்தேன். அதைத் தொடரலாமா?

வெறும் கிளிண்டாமைசின் ஜெல் என்றால் கர்ப்பத்திலும் டாக்டர்கள் எழுதுவதுதான். தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி அதற்குப் பழகிப்போகும் என்பதால் பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்துத் தருவார்கள்.

ஆனால் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர், பக்கத்தில் சதவீதம். கிளிண்டாமைசினோடு நியாசினமைடு சேர்ந்தது ஒன்று வருகிறது, அது பரவாயில்லை. கிளிண்டாமைசினோடு அடாபலீன் சேர்ந்தது ஒன்று வருகிறது, அது வேண்டாம். பென்சாயில் பெராக்ஸைடிலும் அடாபலீன் சேர்த்த ட்யூப் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி அட்டை, பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடக்குறைய இருக்கும். கடையில் கொடுத்ததும் பையில் போட்டுக்கொண்டு வராமல், இதில் அடாபலீன் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்தில் எங்களுக்குப் பார்த்துத் தெரியாது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

முதலாவது, ஐசோட்ரெடினோயின் கேப்ஸ்யூல். பிடிவாதமான பருவுக்குத் தோல் டாக்டர்கள் தரும் நல்ல மருந்து, ஆனால் கர்ப்பத்தில் ஒரு கேப்ஸ்யூல்கூட ஆகாது. கருவில் பிள்ளையின் மூளை, இருதயம், காது, முக அமைப்பைப் பாதிக்கும், கருச்சிதைவும் ஆகலாம். கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பெரிய குறைபாட்டோடு பிறந்திருக்கின்றன. அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சம் என்று தங்கை எடுத்துப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே குடும்பத்து க்ரீம்களான ட்ரெடினோயின், அடாபலீன், டசாரோடீன் ஆகியவற்றையும் நிறுத்திவிடச் சொல்வார்கள். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவுதான், இருந்தாலும் பிள்ளை வளரும் நேரத்தில் அந்தக் குறைவும் எதற்கு? மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளினும் மினோசைக்ளினும் நான்காம் மாதத்துக்கு மேல் பிள்ளையின் பல்லில் மஞ்சள்-பழுப்புக் கறையாகப் படியும், எலும்பு வளர்ச்சியையும் தொடும். ஸ்பைரோனோலாக்டோன் ஆண் ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை, ஆண் கருவுக்கு ஆகாது. முகம் வெளுக்கப் பூசும் ஹைட்ரோகுவினோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தத்தில் சேர்கிறது, அதுவும் வேண்டாம். தலைமுடிக்கும் சருமத்துக்கும் என்று விற்கும் வைட்டமின் ஏ மாத்திரைகளையும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைகளையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ போனால் அதுவும் கருவைப் பாதிக்கும்.

சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் வச்சிருக்கேன். தூக்கிப் போட்டுடணுமா?

வேண்டாம். 2 சதவீதம் வரை உள்ள, போட்டதும் கழுவிவிடுகிற ஃபேஸ்வாஷ் பரவாயில்லை. அதே மருந்தை வீரியமாக முகம், முதுகு என்று பெரிய இடத்தில் பூசி உரிக்கும் பீல் மட்டும் வேண்டாம்.

நாள் தள்ளிப்போனது தெரியாம அடாபலீன் போட்டுட்டேன். எனக்குத் தூக்கமே வரல.

க்ரீம்தானே போட்டீர்கள்? இன்றோடு நிறுத்துங்கள், அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள், அது போதும். இப்படித் தெரியாமல் பூசியவர்கள் நிறையப் பேர், தோல் வழியாகப் போகும் அளவு அத்தனை குறைவு என்பதால் டாக்டர்கள் பெரும்பாலும் தைரியம் சொல்லித்தான் அனுப்புவார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை முதல் வாரங்களில் சில நாள் போட்டிருந்தாலும் இதே பதில்தான். பல் உருவாகும் காலம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஐசோட்ரெடினோயின் கேப்ஸ்யூல் என்றால் காத்திருக்கக் கூடாது. மீதி இருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போங்கள். எப்போது ஆரம்பித்தீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள், கடைசி மாதவிலக்கு எப்போது, இந்த மூன்று தேதியும் அவருக்கு வேண்டும். என்ன ஸ்கேன், எப்போது, மேற்கொண்டு என்ன என்பதை அவரோடு உட்கார்ந்து நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முடிவு செய்யுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். பயத்தில் நீங்களாகக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு க்ரீம் குடுத்தாங்க. நாலே நாள்ல பரு அமுங்கி முகம் வெளுத்துடுச்சு. அதுல என்ன தப்பு?

இந்த நாலே நாளைத்தான் மேலே சந்தேகப்படச் சொன்னேன். அநேகமாக அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். மொமெட்டசோன், க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பல ட்யூபில் அதோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெடினோயினும் சேர்ந்தே இருக்கும். அதாவது கர்ப்பத்தில் வேண்டாம் என்று சொன்ன இரண்டு மருந்தும் ஒரே ட்யூபுக்குள். முதலில் வீக்கம் அமுங்கும், முகம் வெளுக்கும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, முடி முளைத்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவார்கள். இப்படியே வருடங்கள் ஓடிய முகங்களை நான் கவுண்ட்டரில் இருந்து பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. வீரியமான ஸ்டீராய்டு களிம்பைக் கர்ப்பத்தில் அதிக அளவில் பூசியவர்களின் பிள்ளைகள் எடை குறைந்து பிறக்க வாய்ப்பிருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து. கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. பல மாதமாகப் பூசிக்கொண்டிருந்தால், திடீரென்று முகம் கொதித்துக் கிளம்பும் என்பதால் தோல் டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.

பெயரே இல்லாத, உள்ளே என்ன என்று எழுதாத வெள்ளை டப்பா க்ரீம், வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஆன்லைனில் விற்கும் சிவப்பழகு க்ரீம், இவை இன்னும் மோசம். பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகும்.

சித்த மருந்துன்னா பரவாயில்லைல? மூலிகைதானே.

மூலிகை மட்டும் அல்ல. பற்பம், செந்தூரம் என்று வருபவற்றில் உலோகங்கள் இருக்கும். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர் உங்கள் மாதத்தைக் கேட்டுத்தான் எதையும் தருவார், சிலவற்றைத் தர மறுப்பார். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். திருவிழாக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கும் பருச் சூரணத்தை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. அதுக்குள்ள முகம் சரியாகணும். ஃபேஷியல், ப்ளீச் பண்ணலாமா?

ஆசை புரிகிறது, எல்லாரும் போட்டோ எடுக்கும் நாள். ப்ளீச் வேண்டாம், பருவுள்ள முகத்தில் எரிந்து பொத்துப்போகும். அழுத்தி மசாஜ் செய்யும் ஃபேஷியலும் க்ரீமை உள்ளே தேய்த்துப் பருவைக் கிளப்பும். ஐந்தாம் மாதமே மேலே சொன்ன ஜெல்லை ஆரம்பித்திருந்தால் ஏழாம் மாதத்துக்குள் நன்றாகவே தெளிந்திருக்கும். அன்றைக்குத் துவாரத்தை அடைக்காத லேசான மேக்கப் போட்டு, இரவு படுக்கும் முன் முழுக்கக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று. வளைகாப்பில் வருகிற ஒவ்வொருவரும் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசி, அதன் மேல் குங்குமம் வைப்பார்கள். கடைசியில் அது காய்ந்து பாளமாக நிற்கும், அடியில் பரு வெந்துபோயிருக்கும். கடைச் சந்தனப் பொடியில் வாசனையும் சாயமும் வேறு. கைக்கு நிறையப் பூசுங்கள், கன்னத்தில் ஒரு விரல் தொட்டு வையுங்கள் என்று உங்கள் அம்மாவையோ அத்தையையோ முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மருதாணி இலையை அரைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மெஹந்திக் கோனில் தலைச்சாய ரசாயனம் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம்.

பரு போயிடுச்சு, கறுப்பா தடம் நிக்குது. கன்னத்துல மங்கு மாதிரியும் இருக்கு.

தடத்துக்கு அசெலாயிக் ஆசிட்டையே தொடருங்கள். மங்கு கர்ப்பத்தில் பலருக்கு வரும், பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கும். இரண்டையும் கருக்க வைப்பது வெயில். ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கர்ப்பத்தில் போடலாம். வயல் வேலைக்குப் போகிறவர்கள் வியர்வையில் அது நிற்காது என்கிறார்கள், உண்மைதான். தலைத்துண்டை முகத்துக்கு முன்னால் நீளமாக இழுத்துக் கட்டிக்கொள்வது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

பெரிய பெரிய கட்டியா, தொட்டா வலிக்குது. க்ரீமுக்கு அடங்கல. மாத்திரையே கிடையாதா?

உண்டு, ஆனால் தோல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், செஃபலெக்ஸின் போன்றவற்றைக் குறைந்த நாட்களுக்குத் தருவார்கள். எரித்ரோமைசினில் எஸ்டோலேட் என்ற வகை கர்ப்பிணியின் கல்லீரலைத் தொந்தரவு செய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஆக, பெயர் தெரிந்துவிட்டது என்று நீங்களாக வாங்காதீர்கள்.

முதுகுலயும் வயித்துலயும் சின்னச் சின்னதா, பயங்கர அரிப்பு. அதுவும் பருவா?

பரு வலிக்கும், பெரிதாக அரிக்காது. புழுக்கத்தில் முதுகில் ஒரே அளவாக வந்து அரித்தால் வியர்க்குருவாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். கடைசி மாதங்களில் வயிற்று வரிகளின் மேல் தடித்து அரிப்பது கர்ப்பத்துக்கே உரிய ஒரு தடிப்பு, தொந்தரவு அதிகம், ஆபத்தில்லை.

சிலவற்றுக்கு மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் ஒன்றுமே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால் அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம், பிள்ளையையும் பாதிக்கும், ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலோடு நீர்க்கொப்புளங்கள் வந்தால் அம்மை. சாங்கியம் செய்யுங்கள், கூடவே டாக்டரையும் பாருங்கள், கர்ப்பத்தில் அம்மைக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். காய்ச்சலோடு உடம்பெங்கும் சீழ்ப்பொட்டு பரவினாலும் அப்படியே. பருவோடு குரல் கரகரத்து, தாடி மீசை வேகமாக வளர்ந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஹார்மோனைப் பார்ப்பார்கள்.

இதுக்குன்னு தனியா எந்த டாக்டர்கிட்ட போறது? செலவாகுமே.

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமே சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக டாக்டர் பார்க்கும் முகாம் உண்டு, அன்றைக்கு முகத்தையும் காட்டுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, சீட்டும் மருந்தும் இலவசம். 104 எண்ணுக்குப் பேசியும் கேட்கலாம். எங்கே போனாலும் கர்ப்பிணிக்குக் கொடுத்த அட்டையையும் இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். காலியான ட்யூபாக இருந்தாலும் சரி.

பிரசவம் ஆயிடுச்சு, பால் குடுக்கறேன். இப்ப பழைய மாத்திரைய ஆரம்பிக்கலாமா?

ஐசோட்ரெடினோயின் பால் கொடுக்கும் வரை வேண்டாம். பென்சாயில் பெராக்ஸைடு, அசெலாயிக் ஆசிட், கிளிண்டாமைசின் ஜெல் மூன்றையும் தொடரலாம். மார்பில் படாமலும், பிள்ளையின் கன்னம் உரசும் இடத்தில் ஈரமாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பூசிய கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

பொறந்து மூணு வாரம்தான் ஆகுது, பாப்பா கன்னத்துலயும் பரு. என்னால ஒட்டிக்கிச்சா?

ஒட்டவில்லை. பச்சைப் பிள்ளைகளுக்கு இப்படி வருவது வழக்கம், வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், சில வாரத்தில் தானாகப் போய்விடும். உங்கள் க்ரீமைத் தொட்டும் வைக்காதீர்கள். காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடறாரு. அதனால எனக்கு ஏதாவது?

அவர் சாப்பிடுவதால் உங்கள் கருவுக்குப் பாதிப்பு வருவதாகத் தெரியவரவில்லை. அட்டையை உங்கள் மாத்திரை டப்பாவில் வைக்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். மருந்து முடிந்து ஒரு மாதம் வரை அவர் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

அடுத்த குழந்தைக்கு முன்னாடி பருவை மொத்தமா தீர்த்துடணும்னு நினைக்கிறேன். எவ்வளவு இடைவெளி விடணும்?

நல்ல யோசனை, அதற்குரிய நேரம் அதுதான். பால் கொடுப்பது முடிந்த பிறகு தோல் டாக்டரைப் பாருங்கள். ஐசோட்ரெடினோயின் எழுதினால், ஆரம்பிக்கும் முன் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்துவிட்டு, சாப்பிடும் காலம் முழுக்கவும் கடைசிக் கேப்ஸ்யூலுக்கு அப்புறம் ஒரு மாதமும் நம்பகமான கருத்தடை இருக்க வேண்டும். சோரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெடின் என்ற மாத்திரையும் இதே குடும்பம். அதற்கு இடைவெளி ஒரு மாதமல்ல, மூன்று வருடம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், எது எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டை ஒரு முறை மருந்தாளுநரிடம் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.